அப்பா சொன்னதைக் கேட்ட பிள்ளை

மலர்விழிக்கு வாய்ப்பேச்சு வராது என்பதால் அவளுக்குப் பதிலாக ஊரே பேசியது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் அவள் முகத்தைப் பார்த்ததும், "புள்ளைக்குப் பசி போல" என்பார்கள். பால்காரர், "பாப்பாவுக்கு வெயில் ஒத்துக்கலை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். கடைக்காரர் அவளைத் தாண்டி அம்மாவைப் பார்த்து, "பாப்பா எந்த பிஸ்கட் சாப்பிடும்?" என்று கேட்பார். பாப்பா அங்கேயே சக்கர நாற்காலியில், கண்ணை விரித்துக்கொண்டு, கேட்டால் சொல்லத் தயாராக உட்கார்ந்திருப்பாள். அம்மா அம்சவல்லிக்கு இதைப் பார்த்துப் பார்த்தே பாதி ரத்தம் கொதித்து வற்றியிருந்தது.

பிள்ளைக்குப் பத்து வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளை முடக்குவாதம். கால்கள் இரண்டும் முறுக்கிக்கொள்ளும், வலது கை பேச்சுக் கேட்காது. இடது கையை மட்டும் மடக்கி, கொஞ்சம் ஆடி அசைந்து, நினைத்த இடத்தில் கொண்டுபோய் வைக்க முடியும். 'ஆமாம்' என்றால் கண்ணை மேலே தூக்குவாள். 'இல்லை' என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திலகவதி டீச்சர் வந்த பிறகுதான் இதற்கு மேலும் சொல்ல ஒரு வழி பிறந்தது. வாரத்தில் இரண்டு நாள், டவுன்ஷிப்பில் அவர்கள் குடியிருந்த பிளாக்கின் பள்ளிக்கூடத்துக்கு வரும் சிறப்பாசிரியை அவர். நாற்பது கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு படம் ஒட்டி, கீழே வார்த்தை எழுதி, மேலே பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டை செய்து கொடுத்தார். தண்ணீர், வலி, அம்மா, அப்பா, வெளியே, போதும், பிடிக்கலை, இன்னும் வேணும். பின்பக்கம் முழுக்க எழுத்துகள். மடக்கிய கையால் மலர்விழி அதைத் தட்டித் தட்டி எல்லாம் சொன்னாள். கணக்கு டீச்சர் தப்பாகப் போட்ட கணக்கை ஒருநாள் 'பிடிக்கலை' என்று தட்டிக் காட்டினாள். அன்று அம்சவல்லி பிளாக் முழுக்க நடந்துபோய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

வகுப்பில் அட்டையைப் பிடித்துக்கொள்ளவும், தட்டியதைப் படித்துச் சொல்லவும் ஆள் வேண்டுமே. ஐந்து வருடம் அம்சவல்லிதான் கடைசி பெஞ்சில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை அவளும் ஒரு தடவை படித்து முடித்தாள்.

இப்போது ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம். அங்கேதான் சிக்கல். தலைமையாசிரியை நல்ல மாதிரிதான் பேசினார்.

"நான் சேத்துக்க மாட்டேன்னு சொல்லலைங்க. புள்ளைக்கு நாம சொல்றது புரியுதுன்னு ஒரு டாக்டர் எழுதிக் குடுக்கட்டும். பழைய சான்றிதழ்ல பாருங்க, 'அறிவுத்திறன் மதிப்பிட இயலவில்லை'ன்னு போட்டிருக்கு. நாளைக்கு யாராவது கேட்டா நான் எதைக் காட்டறது?"

அந்தப் பழைய மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் ஐந்து வயதில் வாங்கியது, தற்காலிகமானது. அடுத்து எழுதப்போவது நிரந்தரம். அதில் புரியும் என்று எழுதினால் ஆறாம் வகுப்பு. புரியாது என்று எழுதிவிட்டால் கடலூர் பக்கம் எங்கோ இருக்கிற விடுதிப் பள்ளியைக் கைகாட்டுவார்கள். அங்கே பாடப் புத்தகம் கிடையாது. பாயில் படுக்கவைத்து ஊட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். அம்சவல்லி ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதனால் பண்ருட்டியில் சான்றிதழ் முகாம் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தாள்.

அம்சவல்லிக்கு ஒரு கணக்கு என்றால் அவள் புருஷனுக்கு வேறொரு கணக்கு.

விஜயராஜுக்கு நிலக்கரி வெட்டும் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் வேலை. பன்னிரண்டு வருடம் கான்ட்ராக்டில் இருந்து, ஒருவழியாக பெர்மனன்ட் ஆனவன். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். மத்தியானம் போய் நடுராத்திரி திரும்பும் இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில், வளர்ந்த பிள்ளையை அம்சவல்லி ஒற்றை ஆளாகத் தூக்கி, கழுவி, படுக்கப் போடவேண்டும். போன மாதம் குளியலறையில் இருவருமாகச் சேர்ந்து விழுந்தார்கள். அதிலிருந்து அவனுக்கு ஒரே நினைப்பு: ஜெனரல் ஷிஃப்ட். காலையில் போய் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். பிள்ளையின் சான்றிதழில் சதவீதம் பெரிதாக இருந்தால் மனு எழுதிப் பார்க்கலாம் என்று கூட வேலை செய்பவர்கள் யாரோ சொல்லியிருந்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. அவன் போய் எதிர்க் குவார்ட்டர்ஸ் வைத்திலிங்கத்திடம் யோசனை கேட்டான்.

வைத்திலிங்கம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மண்வெட்டும் இயந்திரத்தில் முப்பது வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். மெடிக்கல் போர்டு என்றால் அந்தத் தெருவே அவரிடம்தான் கேட்கும். தன் முதுகுவலிக்கு மூன்று முறை போர்டு ஏறி மூன்று முறையும் லைட் டியூட்டியோடு இறங்கியவர். விடியற்காலையில் தெருவை எட்டுச் சுற்றுச் சுற்றுவார், போர்டு அன்றைக்கு மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். எப்படி மூச்சு வாங்கவேண்டும், டாக்டர் காலைத் தூக்கும்போது எந்த இடத்தில் 'ஐயோ' சொல்லவேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், இலவசமாக.

முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, நான் சொல்லுதத நல்லா கேட்டுக்கோ. அங்க போயி எம்புள்ள அதச் செய்யும் இதச் செய்யும்னு பெருமையடிச்சே, காரியம் கெட்டுச்சு. உன் பொஞ்சாதிய வாயத் தொறக்கவே விடாத. டாக்டர் எதக் கேட்டாலும் இல்ல, முடியாது, தெரியாது. அம்புட்டுதான். எண்பது, தொண்ணூறுன்னு போட்டுருவான்."

அம்சவல்லி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"அண்ணே, அது உங்க முதுகு. இது எம்பொண்ணு தலை. உங்க யோசனைய உங்க வூட்டோட வெச்சுக்குங்க."

"நல்லதுக்குச் சொன்னேம்மா."

"நல்லதுக்கே வேணாங்க."

வைத்திலிங்கம் காபியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். விஜயராஜ், "வுடு அம்சா, பெரியவரு ஏதோ சொல்லிகினு கீறாரு" என்று சிரித்து மழுப்பினான். அவள் மறுபடி அடுப்படிக்குப் போனாள். அதுதான் அவள் செய்த தப்பு. அவள் முதுகைத் திருப்பிய பிறகு அவன் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து குசுகுசுவென்று ஏதோ பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டும் கேட்காதவளாக இருந்துவிட்டாள். அப்பனும் மகளும் கொஞ்சுகிறார்கள் என்று நினைத்தாள்.

மறுநாள் தெரிந்த ஆட்டோக்காரர் ராஜாங்கத்தின் வண்டியில் பண்ருட்டி போய்ச் சேர்ந்தார்கள். முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் பலாப்பழ லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக நடத்தும் முகாமுக்கு ஏழு படிக்கட்டு வைத்த மண்டபத்தை எந்தப் புண்ணியவான் பிடித்தானோ, அவனைக் கண்டால் நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று அம்சவல்லி பல்லைக் கடித்தாள். விஜயராஜும் ராஜாங்கமும் நாற்காலியோடு பிள்ளையைத் தூக்கி மேலே ஏற்றினார்கள். டோக்கன் அறுபத்து மூன்று. அப்போது ஒன்பதாம் எண் போய்க்கொண்டிருந்தது.

முதல் மேசையில் எலும்பு டாக்டர். காலை நீட்டினார், மடக்கினார், "எண்பது" என்று எழுதச் சொன்னார். விஜயராஜின் முகம் சட்டென்று மலர்ந்ததை அம்சவல்லி பார்த்தாள். பெற்ற பிள்ளைக்கு எண்பது சதவீதம் குறை என்றதும் இப்படிப் பல்லைக் காட்டுகிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் குளியலறையில் விழுந்தது அவளுக்கும் ஞாபகம் இருந்தது, அதனால் பேசாமல் இருந்தாள்.

இரண்டாம் மேசையில் இருந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"பேசுமா?"

"வாயால பேசாதுங்க. ஆனா அட்டை வெச்சு..."

"பேசாது. அடுத்தது."

மூன்றாவதுதான் முக்கியம். மனவளர்ச்சி, அறிவுத்திறன் பார்க்கிற டாக்டரம்மா. அவருக்கு மணமகள் அறையை ஒதுக்கியிருந்தார்கள். கூட ஒருவர்தான் போகலாம் என்றார்கள். விஜயராஜ், "நீ போ, நான் ஜெராக்ஸ் எடுத்துகினு வரேன்" என்று நகர்ந்தான். அவன் இவ்வளவு சுலபமாக ஒதுங்கியதிலேயே அவளுக்குப் பொறி தட்டியிருக்கவேண்டும். மூன்று மணி நேரம் நின்ற களைப்பில் தட்டவில்லை.

உள்ளே சுவர் முழுக்கக் கண்ணாடி, அதைச் சுற்றிக் குண்டு பல்புகள். எந்தக் கல்யாணப் பெண்ணோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் கண்ணாடி ஓரத்தில் வரிசையாக இருந்தன. டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சாப்பிடாத முகம். பழம், பறவை, வண்டி என்று படங்கள் போட்ட தாள்களைச் சக்கர நாற்காலியின் பலகை மேல் பரப்பினார்.

"மலர்விழி, இதுல காக்கா எது? தொட்டுக் காட்டு பார்க்கலாம்."

பிள்ளையிடமே கேட்டார். அதுவே அம்சவல்லிக்கு வயிற்றில் பால் வார்த்தது. இந்தத் தடவை விடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

மலர்விழி கையை அசைக்கவில்லை.

"சரி, பஸ் எது?"

அசைவில்லை. கூரையைப் பார்த்தால் 'ஆமாம்' ஆகிவிடும், திரும்பினால் 'இல்லை' ஆகிவிடும் என்பது போல, எதிரே இருந்த குண்டு பல்பை மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காக்கா இவளுக்கு ரெண்டு வயசுலயே தெரியும் டாக்டர். மலரு, காட்டுடி. என்னாடி ஆச்சு? கூட்டத்தப் பாத்து பயந்துட்டா போல. இருங்க, அவ அட்டைய குடுத்தா பேசுவா."

பையைத் திறந்தாள். தண்ணீர் பாட்டில் இருந்தது, மாற்று உடை இருந்தது, ஆதார் இருந்தது. காலையில் தன் கையால் வைத்த அட்டை இல்லை. பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். இல்லை.

டாக்டரம்மா பொறுமையாக இன்னும் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். மணி அடித்தார், பொம்மையை ஒளித்துவைத்துத் தேடச் சொன்னார். பிள்ளை பல்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, பேனாவை எடுத்து, அச்சடித்த தாளில் ஏதோ ஒரு கட்டத்துக்குப் போனார்.

"எழுதாதீங்க டாக்டர்! ஒரு நிமிசம். இவளுக்கு எல்லாம் புரியும்."

"எல்லா அம்மாவும் அதைத்தாம்மா சொல்றாங்க. நான் பார்த்ததைத்தான் நான் எழுத முடியும். வெளியே இன்னும் நாற்பது பேர் இருக்காங்க."

அம்சவல்லி மகள் முகத்தைக் குனிந்து பார்த்தாள். உதடு இரண்டையும் உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். இடது கை பலகையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது, தப்பித் தவறி எதையும் தொட்டுவிடக் கூடாது என்பது போல. பயந்த பிள்ளை இப்படி உட்காராது. இது சொன்னதைச் செய்கிற பிள்ளை. நேற்றைய குசுகுசுப்பு அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மலரு, அப்பா உன்னாண்ட ஏதாவது சொன்னாரா? யாரு கேட்டாலும் காட்டாதன்னு சொன்னாரா?"

பிள்ளையின் கண் ஒரு துளி மேலே போனது. போன வேகத்தில் திரும்பி வந்து பல்பில் ஒட்டிக்கொண்டது. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

அம்சவல்லி கதவைத் திறந்து போட்ட கூச்சல் மண்டபத்துச் சமையல்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். "ஏங்க! இங்க வாங்க! இப்பவே வாங்க!"

ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கவேண்டிய விஜயராஜ் நாலடி தள்ளித் தூணருகே நின்றிருந்தான். உள்ளே வந்தான். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"சொல்லுங்க. புள்ளைகிட்ட என்னா சொல்லி வெச்சிருக்கீங்க? அட்டை எங்க?"

"ஆட்டோல... சீட்டுக்கு அடியில கீது."

"எதுக்கு அங்க போச்சு?"

அவன் டாக்டரம்மாவிடம் சொன்னான், பொஞ்சாதியைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல். "இல்லீங்க மேடம், எல்லாத்தையும் கூட்டித்தான் சதவீதம் போடுவாங்கன்னு சொன்னாங்க. எங்க ஊர்ல மெடிக்கல் போர்டுன்னா அப்பிடித்தாங்க. முடியாதுன்னு காட்டுனாதான் ஏதாவது நடக்கும். எனக்கு ஜெனரல் ஷிஃப்ட் கெடைச்சா ராத்திரில புள்ளைய நான் தூக்கிக்குவேன். இவளுக்கு இடுப்பு போச்சுங்க. அதான் மலராண்ட, நாளைக்கு ஒருநாளு மட்டும் கைய அசைக்காத கண்ணு, கண்ண மேல தூக்காத, அப்பா வூட்லயே இருப்பேன்னு..."

அம்சவல்லிக்கு அவனை அறையவும் தோன்றியது, அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்ய இடம் இல்லாததால் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா தாளைத் திருப்பி அவனுக்குக் காட்டினார்.

"கால் கைக்கு எண்பது ஏற்கெனவே போட்டாச்சு. நீங்க மனு எழுத அது போதும். நான் எழுதறது வேற கட்டம். இதுல 'புரியாது'ன்னு எழுதினா உங்க பொண்ணுக்கு ஆயுசுக்கும் புரியாது. இது பெர்மனன்ட் சான்றிதழ்."

பெர்மனன்ட் என்றால் என்னவென்று விஜயராஜுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. முகம் வெளுத்துப்போய்ப் பிள்ளை முன்னால் மண்டியிட்டான்.

"கண்ணு, அப்பா சொன்னது தப்பு. அப்பாவுக்குத்தான் ஒண்ணும் புரியலை. இனிமே காட்டு. எல்லாத்தையும் காட்டு."

மலர்விழி அவனை உற்றுப் பார்த்தாள். நிஜமாகத்தான் சொல்கிறானா என்று நிதானமாக எடைபோட்டாள். பிறகு கண்ணை மேலே தூக்கினாள்.

"நேத்து ஒருத்தர் சொன்னதை ஞாபகம் வச்சு இவ்வளவு நேரம் உடம்பை அடக்கிக்கிட்டு இருந்திருக்கா" என்றார் டாக்டரம்மா. "என்கிட்ட இருக்கற எந்தத் தேர்வும் இவ்வளவு கஷ்டம் இல்லை. ஆனா அதுக்கு இந்தத் தாள்ல கட்டம் கிடையாது. முதல்லேருந்து ஆரம்பிப்போம். போய் அட்டையை எடுத்துட்டு வாங்க."

விஜயராஜ் ஓடினான். ஏழு படியை எத்தனை எட்டில் தாண்டினானோ, மூச்சிரைக்கத் திரும்பி வந்து அட்டையைக் கொடுத்துவிட்டு, யாரும் சொல்லாமலே வெளியே போய் நின்றுகொண்டான்.

அட்டை வந்தது, ஆள் மாறிப்போனாள் மலர்விழி. காக்காவைத் தொட்டாள், பஸ்ஸைத் தொட்டாள். டாக்டரம்மா தாளை மாற்றி மாற்றி வைத்தார். அம்சவல்லிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்து வருடக் காரியம், பத்து நிமிடத்தில் முடிகிறது. மகளின் முழங்கையை வழக்கம்போலத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல சேராதது எது? மாம்பழம், வாழைப்பழம், பலாப்பழம், சுத்தியல்."

கை ஆடிக்கொண்டு கிளம்பியது.

"சுத்தியல்ங்கறா டாக்டர்."

"அவ இன்னும் தொடலைம்மா."

"சுத்தியலுக்குத்தான் போறா, எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியுதுன்னு எனக்குத் தெரியுது. கையை விடுங்க."

அம்சவல்லி கையை விட்டாள். அடுத்த கேள்விக்குள் அந்தக் கை தானாகவே மகள் முழங்கைக்குப் போயிருந்தது.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே, மலர்விழி?"

"தோசை டாக்டர்."

"அம்மா!" டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க பதில் சொன்னா நான் எப்படி எழுதறது? அப்புறம் நாளைக்கு யாராவது, இது அம்மாவோட அறிவுன்னு சொல்லிட்டா?"

"இல்லைங்க, நேரமாவுதேன்னு ஒரு ஒத்தாசைக்கு..."

மலர்விழியின் கை அட்டைக்குப் போனது. ஆடியது, சுற்றியது, இறங்கியது. 'அம்மா.' மறுபடி கிளம்பி, மேல் வரிசைக்கு ஏறி, ஓங்கி ஒரு தட்டு. 'வெளியே.'

"வெளியே போவணுமாம் டாக்டர். பாத்ரூமா இருக்கும். காலையில போனது. இரு கண்ணு, அம்மா தூக்கறேன்."

மலர்விழி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். இல்லை.

"பின்ன என்னாடி?"

'அம்மா.' 'வெளியே.' இரண்டாம் தடவை அட்டை அதிர்ந்தது.

"பாத்ரூமுக்கு இல்லைன்னு நினைக்கிறேன்" என்றார் டாக்டரம்மா, மெதுவாக.

அம்சவல்லிக்குக் காது சூடேறியது. கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது, மகளின் முகமும் தெரிந்தது. அந்தச் சின்ன முகத்தில் இருந்த சலிப்பை அவள் நன்றாக அறிவாள். பிஸ்கட் கடையில், கோயில் வாசலில், இரண்டாம் மேசையில் அவளே எத்தனையோ தடவை அந்த முகத்தோடு நின்றிருக்கிறாள். அது தன்னைப் பார்த்து வரும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வெளியே போனாள். போகும்போது கதவையும் சாத்திவிட்டுப் போனாள், கொஞ்சம் பலமாகவே.

விஜயராஜ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அவள் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தாள்.

"என்னா, நீ வந்துட்ட?"

"வெளிய போன்னுட்டா."

"யாரு, டாக்டரா?"

"உங்க பொண்ணு." சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. "அஞ்சு வருசம் அவ பக்கத்துலியே உக்காந்துகினு இருந்தேன். எனக்கு எட்டாம் வாய்ப்பாடு இப்பதான் வந்துச்சு. என்னப் போய் வெளியேன்னு தட்டறா. ரெண்டு தடவ தட்டறா!"

அவன் சமாதானம் சொல்ல வாயெடுத்தான். "நானாவது ஒரு நாளுதான் அவள அடக்கி வெச்சேன். நீ..." பாதியில் நிறுத்தி, "வுடு" என்று படியைத் தேய்த்தான்.

"என்னா, நான்?"

"ஒண்ணும் இல்ல."

"சொல்லுங்க. சொல்லித்தான் பாருங்க!"

அவன் சொல்லவில்லை. அவளுக்கும் அவன் சொல்லவேண்டியிருக்கவில்லை. இத்தனை அநியாயத்தையும் பண்ணிவிட்டு இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு நியாயம் வருகிறதே என்ற எரிச்சலில் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

பத்து நிமிடம் போனது. இருபது ஆனது. டோக்கன்காரர் இரண்டு முறை கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டு போனார். அம்சவல்லி எழுந்து போய்க் கதவோரம் நின்றாள். உள்ளே டாக்டரம்மா ஏதோ கேட்பது கேட்டது. பிறகு நீண்ட அமைதி, அட்டையில் கை விழும் டொக், டொக். மறுபடி டாக்டரம்மா. மறுபடி டொக். வெறும் கேள்வி பதில் போல இல்லை. இரண்டு பேர் பேசிக்கொள்வது போல இருந்தது. திடீரென்று டாக்டரம்மா சிரித்தார், அடக்கமுடியாத சிரிப்பு. அதோடு சேர்ந்து மலர்விழியின் தொண்டையிலிருந்து வரும் அந்த ஏறி இறங்கும் சத்தமும் கேட்டது. நன்றாகச் சிரித்தால்தான் அது வரும்.

கதவு திறந்தது. தாளை அம்சவல்லியின் கையில் கொடுத்தார். அவள் மூன்று முறை படித்தாள். 'அறிவுசார் குறைபாடு: இல்லை. படத் தொடர்பு அட்டையின் உதவியுடன் வழக்கமான பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் பயிலலாம்.' கீழே கையெழுத்து, முத்திரை. விஜயராஜ் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே நின்றான்.

"டாக்டர், அவ்வளவு நேரம் என்னா பேசிகினு இருந்தா? எதுக்குச் சிரிச்சீங்க?"

"அதை அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

ஆட்டோ பண்ருட்டியைத் தாண்டியதும் அம்சவல்லி அட்டையை எடுத்து மகள் மடியில் வைத்தாள். வைக்காமல் இருக்க முடியவில்லை.

"என்னாடி சொன்ன டாக்டராண்ட?"

மலர்விழி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப் பத்தியா? அப்பாவப் பத்தியா? எதுக்குடி அந்தச் சிரிப்பு சிரிச்சீங்க ரெண்டு பேரும்?"

கை சாவகாசமாகக் கிளம்பி, வண்டிக் குலுக்கலோடு சேர்ந்து குலுங்கி, சரியான கட்டத்தில் இறங்கியது. 'போதும்.'

"போதுமா? நான் உங்கம்மாடி!"

'போதும்.' அதற்கு மேல் அட்டையைப் பார்க்கவே இல்லை. முன்சீட்டில் விஜயராஜ் சிரிப்பை அடக்குவது முதுகிலேயே தெரிந்தது. அம்சவல்லி கோபமாக செல்போனை எடுத்து திலகவதி டீச்சருக்குப் போட்டாள். முகாம் என்ன ஆச்சு என்று அந்தப் பக்கம் பதறிக் கேட்ட குரலுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தவளுக்கு, சான்றிதழ் முதலில் வரவில்லை.

"அத வுடுங்க டீச்சர், எழுதிக் குடுத்துட்டாங்க" என்றாள், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். "யாரோ தெரியாதவங்ககிட்ட அரை மணி நேரம் பேசியிருக்கா. என்னா பேசினான்னு கேட்டா, எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறா டீச்சர்!"